வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை கட்டத்துக்குள் அடங்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, ஆந்திராவில் நகரி பக்கத்து ஏகாம்பரக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா நாலு பவர்லூம் ஓட்டுகிறார். மகள் இன்டர் ரெண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ; எம்பிசி குரூப் (கணக்கு, இயற்பியல், வேதியியல்). கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமன். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தவர் அவர்தான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங், சிஎஸ்இ, அதுலயும் ஏஐ. ஈஏபிசெட் என்ட்ரன்ஸ்ல ரேங்க் வரலேன்னா மேனேஜ்மென்ட் சீட்டு. நாலு வருஷத்துக்கு 11 லட்சம் ஆவும். மாமா ரெண்டு தறியை வித்தாருன்னா முதல் வருஷம் முடிஞ்சிது." அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பெண் மடியில் ஒரு நீள நோட்டு. திறக்கவில்லை.

"பதறாதீங்க, டைம் இருக்கு" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். தறியை விற்கிற பேச்சு வந்ததும் சமாதானம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"நோட்டைக் காட்டும்மா" என்றேன். ரயில் டிக்கெட் எடுக்கும் ஆப்பின் திரையைத் தன் யோசனைக்கு மாற்றி வரைந்திருந்தாள். பென்சில், ஸ்கேல், நல்ல சுத்தம். ஸ்டேஷன் பெயர் வரும் கட்டத்தில் 'புத்தூர்' என்று இருந்தது. "திருத்தணி பக்கம் போனா நகரிக்கு அடுத்த ஸ்டேஷன் எது? அதை இங்க எழுது." சிரித்துவிட்டாள். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஆங்கிலத்தில் 28 எழுத்து. எழுதினாள், பெயர் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்து பட்டன்மேல் ஏறியது. அழித்தாள். பொடி எழுத்தில் எழுதினாள், படிக்க முடியவில்லை. கடைசியில் ரெண்டு வரியாக உடைத்துவிட்டுக் கேட்டாள்: "சார், சின்னப் பேரு வந்தா கட்டம் சுருங்கணுமா, இதே உயரத்துல இருக்கணுமா?" ஒடிசாவில் ஈப் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, ஆங்கிலத்தில் ரெண்டே எழுத்து. ரெண்டுக்கும் அதே திரைதான்.

திரையை வரைகிற டிசைனரிடம், அதை ஆப்பாகக் கட்டுகிற டெவலப்பர் கேட்கிற முதல் கேள்வி இது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவள் கேட்டாள். மாமனிடம் இதைச் சொன்னேன், "வரையறதெல்லாம் ஹாபி சார்" என்றார்.

சிஎஸ்இ பற்றி நான் எழுத வேண்டியதில்லை, தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள். டிசைன் படிப்புக்கான என்ஐடி (தேசிய டிசைன் நிறுவனம்), யூசீட் நுழைவுத் தேர்வுகள் பற்றியும் நிறையப் பேர் சொல்லியாயிற்று. எழுதட்டும், கிடைத்தால் போகட்டும். லட்சக்கணக்கில் வாங்கும் தனியார் டிசைன் கல்லூரிக்கும் சிஎஸ்இக்கும் என் பதில் ஒன்றுதான்: தறியை விற்று வேண்டாம்.

நான் சொல்ல வந்தது, வரைகிறவருக்கும் கோடு (code, கம்ப்யூட்டர் நிரல்) எழுதுகிறவருக்கும் நடுவில் உட்காருகிற வேலை. ஒரு கம்பெனியில் யூஐ டெவலப்பர் என்பார்கள், இன்னொன்றில் ஃப்ரண்ட் எண்ட், பெரிய இடத்தில் டிசைன் சிஸ்டம் டீம் (எல்லாத் திரைக்கும் பொதுவான பட்டன், கட்டம், விதிகளை வைத்திருப்பவர்கள்). திரையை வரையவும் தெரியும், அதைக் கோடாக்கவும் தெரியும்.

என்னிடம் படிப்பு கேட்டு வந்த பழைய பையன் ஒருவன் சென்னையில் ஒரு கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்தான். பிறந்த தேதி கேட்கும் இடத்துக்கு அழகாக ஒரு காலண்டர் வரைந்தான். விரலால் சுழற்றினால் வருஷம் உருளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபைலை அனுப்பினான், திங்கட்கிழமை வேண்டும் என்றான். டெவலப்பர் பார்த்துவிட்டு எட்டு நாள் ஆகும் என்றார். சண்டை. மூன்று மாதம் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் டீக்கடையில் அந்த டெவலப்பர் கேட்டாராம்: "சொந்தப் பிறந்த நாளை எவனாவது காலண்டர்ல தேடுவானா?" நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டம் போதும். பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டமும் பிறந்த தேதிக்கு அதைத்தான் சொல்கிறது. அன்றிலிருந்து இவன் பென்சிலை எடுக்கும் முன்பே டெவலப்பர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறான்.

படம் அழகாக இருந்தால் டெவலப்பர் புரிந்துகொள்வார் என்று புதுசாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். படத்தில் எல்லாம் சரியாக நடக்கிற ஒரு திரைதான் இருக்கும். நெட் இல்லாதபோது என்ன தெரிய வேண்டும்? லிஸ்ட் காலியாக இருந்தால்? பணம் போய் டிக்கெட் வராவிட்டால்? பட்டனை ரெண்டு தரம் தட்டினால்? இதை வரைந்து தராவிட்டால் டெவலப்பர் தனக்குத் தோன்றியதைப் போடுவார். அப்புறம் கோபித்துப் பயனில்லை. அளவுகளும் அப்படித்தான். தொடுகிற இடம் ஆண்ட்ராய்டில் 48 டிபி-க்குக் (dp, திரை அளவு அலகு) குறையக் கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 வெளிச்ச வேறுபாடாவது வேண்டும். "கொஞ்சம் பெருசா, கொஞ்சம் டார்க்கா" என்று சொல்கிறவரைவிட எண்ணில் சொல்கிறவரோடு வேலை செய்வது டெவலப்பருக்குச் சுலபம்.

இன்னொன்று, நம் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு இருக்கும் வரம். இவளுக்குத் தமிழும் தெலுங்கும் வாசிக்க வரும். ஆங்கிலத்தில் 'சப்மிட்' ஆறே எழுத்து. 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் பட்டன் பிதுங்கும். தெலுங்கில் ஒத்து, அதாவது எழுத்துக்கு அடியில் ஒட்டும் மெய்யெழுத்து, கீழே தொங்கும். வரியின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்தால் அடுத்த வரியில் போய் இடிக்கும். தமிழில் ஈகாரச் சுழி மேலே வெட்டுப்படும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினால் இது யார் கண்ணிலும் படாது. இவள் கண்ணில் படும்.

அதுவரை வாய் திறக்காத அப்பா இங்கே பேசினார். கல்யாணத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறியில், துளை போட்ட அட்டையை வைத்து டிசைன் நெய்யும் தறியில், இருந்தவர். "டிசைன்காரன் கிராஃப் தாள்ல மயில் போட்டுக் குடுப்பான் சார். அட்டை குத்துறவன் பாத்துட்டு, இந்த இடத்துல நூலு கட்டு இல்லாம நீளமா ஓடுது, பொடவையைக் கட்டினா வளையல்ல மாட்டும்பான். தறிப் பக்கமே வராத டிசைன்காரன் சண்டைக்குப் போவான். வந்து பாத்தவன் மயில் வாலை மாத்திக் குடுப்பான்." துளை போட்ட அந்த அட்டை யோசனையைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார் என்றேன். மாமன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி இதுதான். ரயிலில் போய்வரும் தூரத்தில் பிசிஏ அல்லது பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ். டிகிரி இல்லாமல் பல இடத்தில் விண்ணப்பமே உள்ளே போகாது, அதனால் வேண்டும். அதற்காக 11 லட்சம் வேண்டாம். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், பழையதானாலும் சரி. திரை வரையும் ஃபிக்மா மென்பொருள் மாணவர்களுக்கு இலவசம். முதல் ஆறு மாதம் இணையப் பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல்லும் அதற்கு அளவும் நிறமும் தரும் சிஎஸ்எஸ்ஸும் மட்டும்; எம்டிஎன் (MDN) இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். அப்புறம் பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட், கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git). 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' போர்டு மாட்டிய இன்ஸ்டிட்யூட்டில் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. முதல் வருஷத்திலேயே கோடு எழுதும் வகுப்புத் தோழன் ஒருவனையோ ஒருத்தியையோ பிடித்து, இவள் வரைந்ததை அவர்களைக் கட்டச் சொல்ல வேண்டும். எங்கே முட்டியது, யார் விட்டுக்கொடுத்தார்கள், ஏன் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். இன்டர்வியூவில் பளபளப்பான பத்துத் திரையைவிட இந்த நோட்டுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இதில் சம்பளம் கொட்டும் என்று நான் உறுதி தரவில்லை. ஒரு திரையை வரைந்து தருவதை இப்போது ஏஐ கருவிகளே செய்கின்றன. வெறுமனே வரைந்து மட்டும் தருவேன் என்றால் கஷ்டம்தான். மூன்று மாதம் கோடு எழுதிப் பார்த்து அவளுக்குக் கசந்தால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்போது வேறு பேசலாம். கசந்ததா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும், மாமன் சொல்லக் கூடாது.

பரீட்சை முடிந்ததும் அந்த ரயில் திரையை எச்டிஎம்எல்லில் கட்டி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஈப், வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை ரெண்டும் தமிழிலும் தெலுங்கிலும் உட்கார வேண்டும். நாலு தறியும் அதுவரை ஓடட்டும்.