குழாய்த் தண்ணீரில் செடி கருகுகிறதா?

கேள்வி: குடியாத்தம் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி வீடு. குழாயில் போர் தண்ணீர்தான். தொட்டிச் செடிகளில் இலை நுனி கருகுகிறது, தொட்டி ஓரமெல்லாம் வெள்ளைப் படிவு. தண்ணீர்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் உப்புதான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் என்றால் கவலை வேண்டாம், 2000-ஐத் தாண்டினால் ஊற்றாதீர்கள். ஆனால் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் கால்சியம் எவ்வளவு, மண்ணையே இறுக்கிவிடுகிற சோடியம் எவ்வளவு என்று சொல்லாது, அதனால் குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பாட்டிலில் பிடித்து வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், பாசன நீரையும் பார்ப்பார்கள். அதுவரை மழைத்தண்ணீர் கலந்து, அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள். சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) வழியாக வரும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் சோடியம் கூடியிருக்கும்.