பழைய வள்ளத்துக்கு ஃபைபர் உறை போடலாமா?

கேள்வி: தூத்துக்குடி அருகே எங்கள் தாத்தா ஓட்டிய 24 அடி மர வள்ளம், சில ஆண்டுகளாகக் கரையில் கொட்டகைக்குள் கிடக்கிறது. பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. வெளியே ஃபைபர் ஒட்டிவிட்டால் ஒழுகாது என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்த இடைவெளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வள்ளம் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மரம் நீர் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில் நன்றாகவே உப்பும். ஒரு சாண் பலகை சில மில்லிமீட்டர் அகலும். எல்லாப் பலகைகளும் அப்படி உப்பி ஒன்றையொன்று நெருக்கும்போது இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். பலகை வைத்துக் கட்டிய வள்ளம் ஒழுகாமல் இருப்பதே அந்த நெருக்கத்தால்தான்.

அதன்மேல் ரெசினும் கண்ணாடியிழைப் பாயும் ஒட்டினால், மரம் அசையும், உறை அசையாது. எண்ணெயும் உப்பும் ஊறிய பழைய பலகையில் ரெசின் சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. ஏதாவது ஒரு விளிம்பில் விட்டுப்போகும். பிறகு வள்ளத்துக்குள் விழும் மழைநீர் உறைக்கும் பலகைக்கும் நடுவே தங்கிவிடும். கடல்நீரில் மரம் அவ்வளவு சீக்கிரம் மட்காது. நல்ல தண்ணீர்தான் அதற்கு எமன். வெளியே பளபளவென்று வண்ணம் பூசிய வள்ளம், உள்ளே விரலால் கிள்ளி எடுக்கும் பதத்துக்கு வந்திருப்பதைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் படகு கட்டி ஃபைபர் உறை போட்டது உண்மைதான். ஆனால் அது மருந்தேற்றிய புதுப் பலகை. கட்டும்போதே உறைக்காகத் திட்டமிட்டது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது ஆணிகளைப் பற்றி. வங்கோடு (பலகைகளை உள்ளிருந்து தாங்கும், விலா எலும்பு போன்ற வளைந்த சட்டம்) பலகை சேரும் இடங்களில் ஆணித் தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிகிறதா பாருங்கள். அங்கே குத்தூசியால் குத்தி லேசாக நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிராயாகப் பிளந்து வரும். கெட்டது சத்தமே இல்லாமல் குறுக்கே ஒடிந்து தூளாகும். பழுதான ஆணியை எடுத்தால் பழைய துளையை மரமுளையால் அடைத்து, சற்றுத் தள்ளிப் புதிதை அடியுங்கள். இருப்பது இரும்பாணி என்றால் புதிதும் துத்தநாகம் பூசிய இரும்பாணியாகவே இருக்கட்டும். செம்பைக் கலக்காதீர்கள். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, கப்பல்புழுவிடமிருந்து காப்பாற்ற ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு பதித்தது. 1763-இல் பிரித்துப் பார்த்தபோது இரும்பாணிகள் அரித்துப்போயிருந்தன. தகட்டுக்கும் ஆணிக்கும் நடுவே பழுப்புத் தாள் கிழியாமல் இருந்த இடங்களில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. உப்புநீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் இரும்புதான் பலியாகும்.

ஆணி வேலை முடிந்த பிறகே கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் வேலை. பழைய பஞ்சை முழுக்கச் சுரண்டி எடுங்கள். உள்ளே கோணிகளைப் பரப்பி, கடல்நீரால் நனைத்து, ஒரு வாரம் பத்து நாள் ஈரம் காயாமல் வையுங்கள். தண்ணீரை நிரப்பிவிட வேண்டாம். ஒரு கனமீட்டர் நீர் ஒரு டன் எடை, கரையில் கிடக்கும் வள்ளம் தாங்காது. இடைவெளி பாதி மூடியதும் மேற்பரப்பை மட்டும் உலரவிட்டு, பஞ்சுத்திரியை உளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்) கொண்டு இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்த வள்ளத்தில் பஞ்சை இறுக்கி அடைத்துவிட்டால், கடலில் இறக்கியதும் பலகை உப்ப இடமின்றி ஆணியைப் பிடுங்கும், வங்கையும் ஒடிக்கும்.

பக்கத்து ஊர்களில் வயதான ஓடாவியார் (வள்ளம் கட்டும் தச்சர்) யாராவது இருந்தால் அவரை எப்படியாவது அழைத்து வாருங்கள். கொட்டாப்புளிச் சத்தத்தை வைத்தே பஞ்சு போதுமா என்று சொல்லிவிடுவார். இலங்கையின் வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கைவேலையை நம்பலாம்.

வள்ளத்தை இறக்கியதும் முதல் இரவு ஒழுகத்தான் செய்யும். ஆழமில்லாத இடத்தில் கட்டி, ஆள் வைத்து இறைத்துக்கொண்டே இருங்கள். மூன்று நான்கு நாளாகியும் ஒழுக்குக் குறையவில்லை என்றால், கரையேற்றி அந்த இடத்து ஆணிகளை மறுபடி பாருங்கள்.