‘வறட்சி தாங்கும் மரபணு’ உள்ள கோதுமை வெயிலையும் தாங்குமா?

கேள்வி: கதிர் வாங்கும் வரை கோதுமை செழிப்பாக நிற்கிறது. பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் மணி சுருங்கிவிடுகிறது. பாசனத்தில் குறை வைப்பதில்லை. வறட்சி தாங்கும் மரபணு உள்ள ரகம் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தண்ணீர் போதுமான அளவு இருந்தும், நோய் எதுவும் இல்லாமலும் மணி சுருங்கினால், உங்கள் சிக்கல் பெரும்பாலும் வெப்பம். வறட்சியும் வெப்பமும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். செடிக்குள் அவை எதிரும் புதிருமானவை. தண்ணீர் குறைந்தால் இலை தன் துளைகளை மூடி ஈரத்தைக் காக்கிறது. ஆனால் அந்தத் துளைகள் வழியே நீராவி வெளியேறுவதால்தான் இலை குளிர்கிறது, மூடினால் சூடேறும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ரகம் வெயிலில் முதலில் அடிவாங்கவும் கூடும்.

சுருங்கிய மணி ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். தோல் மடிந்து, நடுப்பள்ளம் ஆழமாகி, உள்ளே மாவு கொஞ்சமாகத்தான் இருக்கும். மணிக்குள் சர்க்கரையை மாவாக மாற்றும் நொதிகள், குறிப்பாக கரையும் ஸ்டார்ச் சிந்தேஸ், வெப்பத்தில் சட்டென்று சோர்ந்துவிடும். சர்க்கரை வந்து சேர்ந்தாலும் மாவாவதில்லை. போதாததற்கு, வெக்கை மணி நிரம்பும் நாட்களையும் குறைத்துவிடுகிறது.

சரி, அந்த ‘ஒரு மரபணு’? ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்களின் கலப்பு. 42 குரோமோசோம்கள், ஒரு லட்சத்துக்கு மேல் மரபணுக்கள். பல மரபணுக்களுக்கு மூன்று பிரதிகள் இருப்பதால், ஒன்றில் நல்ல மாற்றம் வந்தாலும் மற்ற இரண்டும் அதைப் பல நேரம் மூடி மறைத்துவிடும். வறட்சி தாங்கும் தன்மையோ பற்பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது, அதுவும் வருடத்துக்கு வருடம் மாறும். வறட்சியில் மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் டிரெப் என்ற மரபணுக்களைச் சேர்த்த செடிகள் தொட்டியில் அசத்தின. வயலில் அந்த அளவுக்குச் சோபிக்கவில்லை. உண்மையிலேயே ஒரே மரபணுவைக் காட்டி அனுமதி வாங்கிய கோதுமை எச்பி4. சூரியகாந்தி மரபணு சேர்த்த அதை அர்ஜென்டினா 2020இல் அனுமதித்தது. அதுவும் வறட்சிக்காகத்தான்.

என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பூக்கும் நாள். பிபிடி-டி1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருந்தால், பகல் நீளட்டும் என்று காத்திராமல் பயிர் சீக்கிரம் பூத்துவிடும். பூப்பதற்குக் குளிர் எவ்வளவு வேண்டும் என்பதை விஆர்என் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. வெயிலைத் தாங்குவதைவிட அதற்கு முன்பே மணி நிரப்பித் தப்பிப்பது பயிருக்குச் சுலபம். ஆனால் ரொம்ப முந்தினால் பூவைப் பனி கருக்கும், தூர்களும் குறையும். ஆகவே சில நாள் முந்தினால் போதும்.

அடுத்தது, இலையின் குளிர்ச்சி. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால், மேகமில்லாத நாளில் மதியம் 1 மணிக்கு மேல், கதிர் வாங்கியபின் இரண்டு ரகங்களின் கண்ணாடி இலைகளை, அதாவது கதிருக்கு அடுத்துக் கீழே இருக்கும் கடைசி இலைகளை, குறிவைத்துப் பாருங்கள். ஒரே வயல், ஒரே ஈரம், இருந்தும் ஒன்று குளிர்ச்சியாக இருந்தால், அது ஆழத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வறட்சி, வெப்பம் இரண்டுக்கும் கைகொடுக்கும் ஒருசில குணங்களில் இது ஒன்று. புது ரகங்களை உருவாக்குபவர்களும் இதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்.

விற்பவரிடம் எத்தனை நாளில் பூக்கும், தாமதமாக விதைத்து வெயிலில் சோதித்தார்களா என்று கேளுங்கள். அப்புறம் முழு வயலிலும் இறங்காமல், உங்கள் ரகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்தியில் மட்டும் விதைத்து, அறுவடையில் இரண்டிலிருந்தும் ஆயிரம் மணிகள் எண்ணி எடை போடுங்கள்.