163 மீட்டர்தானே என்று அம்மாவை அழைத்துப் போகாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் உண்டு, ஆனால் தினமும் புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடப்பார். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு புக்கிட் தீமா ஏற நினைக்கிறோம். அடுத்த மாதம் ஜோகூரில் குனோங் லம்பாக் ஏற வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆள் சேர்க்கிறார். "தொடக்கநிலை மலை, யாரும் ஏறலாம்" என்கிறார், முன்பணமும் கேட்கிறார். அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: லம்பாக் வேண்டாம். புக்கிட் தீமாவும் இப்போதைக்கு உச்சி வரை வேண்டாம். அம்மாவுக்கு ஏற்ற குன்று வேறு இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

உயரத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. புக்கிட் தீமா சிங்கப்பூரிலேயே உயரமானது என்றாலும் சுமார் 163 மீட்டர்தான். தார்ச் சாலையிலேயே உச்சிக்குப் போய்விடலாம், உச்சிக்கு அருகில் வரும் செங்குத்துப் படிகளையும் தவிர்க்கலாம். ஆனால் அந்தச் சாலையின் தொடக்கமே நல்ல ஏற்றம். அம்மா மூச்சு வாங்கி மெதுவாக ஏறிவிடுவார். சிக்கல் இறங்கும்போதுதான். இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் மடங்கிய முழங்கால்தான் உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. தேய்ந்த மூட்டு அங்கேதான் வலிக்கும். வலி வந்தால் பாதியில் டாக்சி பிடிக்கவும் முடியாது, நம் வண்டிகளுக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை.

வழித்தடங்களுக்கு "எளிது", "நடுத்தரம்", "கடினம்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். யாருக்கு எளிது? இருபது வயதுக்காரருக்கா, உங்கள் அம்மாவுக்கா? எத்தனை படி, எங்கே கைப்பிடி, பாதியில் வெளியேற எங்கே வழி, இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் போட்டால் பாதிப் பேரின் முழங்கால் பிழைக்கும். பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தூரமும் நேரமும்தான் இன்னும் கண்ணில் படுகின்றன.

அம்மாவுக்கு மவுண்ட் ஃபேபர் பக்கம்தான் சரி. அங்குள்ள குன்றுகளை இணைத்துப் போகும் 10 கிலோமீட்டர் தடத்தைத் தென் குன்றுத் தொடர் என்று சொல்வார்கள். அதில் ஃபாரஸ்ட் வாக் என்ற 1.3 கிலோமீட்டர் இரும்பு நடைபாலம், சக்கர நாற்காலியும் போகும் அளவுக்கு மெதுவான சரிவு. ஆனால் "அந்தத் தொடரே எளிது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். எம்ஆர்டி ரயில் நிலையம் அருகில் இருக்கிறதே என்று ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி மராங் தடத்தில் ஏறத் தொடங்குவார்கள். சுமார் 800 மீட்டர்தான், ஆனால் படிக்கு மேல் படி. எளிதான தடத்தின் கடினமான பகுதி முதலிலேயே வந்துவிடும், அம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஆகவே நடக்கும் திசையை மாற்றுங்கள். டாக்சியில் மவுண்ட் ஃபேபர் உச்சிக்கே போய்விடுங்கள், அங்கே வண்டி போகும். அங்கிருந்து சாலைக்கு 36 மீட்டர் மேலே நிற்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், தெலோக் பிளாங்கா குன்று, ஃபாரஸ்ட் வாக், அலெக்சாண்டிரா ஆர்ச் பாலம் என்று நடந்து ஹார்ட்பார்க் பூங்காவில் முடியுங்கள். பெரும்பாலும் மெதுவான இறக்கம். கிளம்பும் முன் எந்தப் பகுதியாவது மூடியிருக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழக இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். காலையிலேயே போங்கள், மதியத்துக்குப் பிறகு இடிமழைக்கு வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் ஆள். குனோங் லம்பாக் சுமார் 510 மீட்டர். வேர்களைப் பிடித்து, சில இடங்களில் கயிற்றைப் பற்றி ஏற வேண்டிய மலையை "யாரும் ஏறலாம்" என்கிறவர், வருகிறவர்களின் வயதைக்கூடக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். ஜோகூரில் காட்டு மலைகள் பலவற்றுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அந்த அனுமதி யார் பெயரில் இருக்கிறது, கூட வரும் வழிகாட்டி வனத்துறையில் பதிந்தவரா, மழையில் ரத்தானால் பணம் என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். பயணக் காப்புறுதியும் நீங்களே வாங்க வேண்டியதுதான், அவர் கட்டணத்தில் அது அடங்கியிருக்கும் என்று எண்ணாதீர்கள். இதே ஆட்கள் புக்கிட் தீமாவுக்கும் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவுக்கும் "நுழைவுக் கட்டணம்" என்று தலைக்கு இத்தனை வெள்ளி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நுழைவு இலவசம். முகமில்லாத ஓர் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு யாரிடம் போய் முறையிடுவீர்கள்? இவர்களைக் கட்டுப்படுத்த ஒரு வழி வரும்வரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் புக்கிட் தீமா தாராளமாகச் சரி. காலை 7 மணிக்குத் திறப்பார்கள். நீங்கள் உச்சிக்குப் போய்வரும் நேரத்தில் அம்மா, துணைக்கு ஒருவரோடு, அடிவாரத்திலேயே உள்ள ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்காவில் பழைய கற்சுரங்கக் குளம் வரை ஒரு சின்ன நடை போகலாம். அவரும் பிறகு உச்சிக்கு வர வேண்டுமென்றால் புளோக்கில் நான்கு மாடி படியில் இறங்கிப் பார்க்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலியில்லாமல் இறங்கினால், மறுநாளும் முழங்கால் வீங்காமல் இருந்தால், அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தார்ச் சாலையில் பாதி தூரம் வரை முயலலாம். முன்பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால், அனுமதிக் கடிதத்தின் நகல் கையில் வராமல் அனுப்பாதீர்கள்.