கேளுங்கள், சொல்கிறோம்: அப்பாவுக்குக் குடி, பையன் பையில் கூல் லிப்

கேள்வி: எங்க வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு ராத்திரி வரை போதைதான். பத்தாவது படிக்கும் பையனின் பையில் கூல் லிப் புகையிலை கிடந்தது. கேட்டால், "அப்பனை மொதல்ல கேளு" என்கிறான். இது ரத்தத்திலேயே வந்ததா?
(ஒரு தாய், அவிநாசி)

பதில்: பாதிதான் ரத்தம், அம்மா. குடிநோயாளியின் பிள்ளைக்கு அந்த நோய் வரும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிடச் சுமார் 4 மடங்கு. அதில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய பாதி. அப்படியிருந்தும் இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் குடிநோயாளி ஆவதில்லை. மரபணு போக மீதியெல்லாம் வீட்டிலும் தெருவிலும் நடப்பது. அங்கே நீங்கள் செய்ய நிறைய இருக்கிறது.

தண்ணீர் பாக்கெட், டம்ளர், மிக்சர் வாங்க இனிமேல் பையனை அனுப்பாதீர்கள். மிச்சக் குவாட்டர் பீரோ மேல் இருக்கவே கூடாது. 15 வயதுக்குள் குடிக்கத் தொடங்கியவர்கள் அடிமையாவது, 21 வரை தொடாதவர்களைவிடச் சுமார் 4 மடங்கு அதிகம். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் லாபம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் எங்கே இருப்பான் என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்யுங்கள். அப்பத்தா வீடோ மாமன் வீடோ, சோறும் படுக்கையும் நிச்சயமாக இருக்கிற இடம். சண்டைக்குப் பயந்து வெளியே போகிற நேரத்தில்தான் கூட்டாளிகள் பாக்கெட்டை நீட்டுகிறார்கள்.

கூல் லிப் புகையிலைதான். தமிழ்நாட்டில் விற்கத் தடை உள்ளது. ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரத்தில், யார் கொடுப்பது என்று நிதானமாகக் கேளுங்கள். நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் 3 நாள் உச்சத்தில் இருக்கும், 2 முதல் 4 வாரத்தில் தணியும். அதைத் திமிர் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. அடி விழுந்தால் மறுபடியும் பாக்கெட்டைத்தான் தேடுவான்.

வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பகலில் தூக்கம், சுருங்கிய கண்மணி தெரிந்தால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறானோ என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போனில் ஆலோசனைக்கு 14416. போதை மீட்புக்கு 14446. அப்பா பையனை அடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மூன்றும் இலவசம்.

கேள்வி: கணவருக்குத் தெரியாமல் குழம்பில் குடி நிறுத்தும் மருந்து கலக்கலாமா?
(வாசகி, பவானி)

பதில்: வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் என்கிற குடி நிறுத்தும் மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். அவர் சம்மதித்து, பரிசோதனைகள் முடிந்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே டாக்டர் கொடுப்பார். தினமும் நிறையக் குடிப்பவர் கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து: 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2, 3 நாளில் புத்தி தடுமாறலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள், கயிறை அப்புறம் கட்டலாம்.