வாசகர் கேள்வி: வயக்காட்டுல நிக்குற ஒத்தக் கல்லு

கேள்வி: அயர்லாந்துல வயல் நடுவுல நிக்குற ஒத்தக் கல்லை அரசாங்கமே பாதுகாக்குதாமே, அப்படி என்னங்க இருக்கு அதுல?
- வாசகர், நெல்லிக்குப்பம், கடலூர்

பதில்: நிறைய இருக்குங்க! அங்க கில்டேர் கவுன்ட்டில (நம்ம மாவட்டம் மாதிரி), குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன பஞ்ச்ஸ்டவுன் பக்கம் சுமார் 7 மீட்டர் உசரத்துல ஒரு கிரானைட் கல்லு நிக்குது, சாஞ்சுக்கிட்டே இருந்தது 1931ல விழுந்துடுச்சு, அப்போ அடியில பார்த்தா வெண்கலக் காலத்துக் கல்லறைக் குழி! கல்லோட எடையே சுமார் 9 டன்னு, விட்டுடாம 1934ல திரும்ப நிமித்தி நட்டாங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம். கல்லைவிட அதைச் சுத்தியிருக்குற மண்ணுதான் முக்கியம், அது கலைஞ்சா அந்தக் காலத்து ஆதாரமே போச்சு. நம்ம புதுச்சேரி சுத்துக்கேணிலயும் பெருங்கற்காலப் (பெரிய கல்லுங்களை வச்சுக் கல்லறை கட்டுன காலம்) புதைகுழிகள் கிடைச்சிருக்கு. உங்க பக்கம் ஜேசிபி ஓட்டுறப்ப தாழி (செத்தவங்களைப் புதைச்ச பெரிய மண்பானை), கல்வட்டம் (புதைகுழியைச் சுத்தி வட்டமா வச்ச கல்லுங்க) தென்பட்டா தயவுசெஞ்சு உடனே நிறுத்திட்டு விஏஓகிட்டயோ தாசில்தார்கிட்டயோ சொல்லுங்க.