ஹெட்லைட் போட்டதும் ஃபியூஸ் போவது பற்றி

வணக்கம் நண்பரே. பழைய சின்ன டிராக்டரில் ஹெட்லைட் சுவிட்சைப் போட்டதுமே 15 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது, 30 போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்தே 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். 15 போகிறது என்றால் எங்கோ ஒயர் பாடியில் தொடுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர்தான்.

ஹெட்லைட் பல்பு இரண்டையும் கழற்றுங்கள். ஃபியூஸ் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். அப்படியே ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அணைகிறதோ அங்கேதான் கோளாறு.

பானெட் கீல், ஸ்டீயரிங் தண்டின் அடிப்பக்கம், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். என் வண்டியில் கிளிப் உடைந்து, ஒயர் தகட்டில் உரசி, கடுகளவு செம்பு வெளியே தெரிந்தது. அதற்கே இரண்டு நாள் அலைந்தேன்.

அப்புறம், ஒயரை வெட்டி ஒட்டும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சரிசெய்த பிறகும் வெளிச்சம் மங்கலாக இருந்தால், லைட்டின் எர்த் போல்ட்டில் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.